விளக்கொளியில் வாழ்கிறவர்கள்



ஆங்கிலத்தில் 'லிக்னோபைட்' என்று ஓர் அபூர்வச் சொல் உண்டு. இரவெல்லாம் விழித்து வேலை செய்து, பகலில் தூங்குகிறவர் என்று பொருள். கிரேக்கத்தில் 'லுக்னோஸ்' விளக்கு, 'பியோஸ்' வாழ்வு. விளக்கொளியில் வாழ்கிறவர்! பவுல் அப்போஸ்தலனின் காலத்து ரோமத் தத்துவஞானி செனெக்கா ஒரு நிருபத்தில் இதன் மூலச்சொல்லை எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நிருபம், இரவைப் பகலாக்கிக்கொண்டு உல்லாசமாய் வாழ்ந்தவர்களைப் பழிக்கும் நிருபம்.

'ஆசிட்டன்சி' இன்னொரு சொல். கொட்டாவி விடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதற்குக் கொட்டாவி என்றும் பொருள், அசட்டை என்றும் பொருள்.

இரவுப் பணி பார்க்கும் தாதிமாராகிய எங்களுக்கு இரண்டு சொல்லும் உறைக்கின்றன. சனிக்கிழமை இரவு 12 மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு ஆராதனைக்கு வருகிறோம். பிரசங்கத்தின் நடுவே கண் சொருகும். திரும்பிப் பார்க்கிறவர்களை நாங்களும் கவனிக்கிறோம். சில ஞாயிறுகளில் அந்தத் தூக்கத்தோடு கார் ஓட்டப் பயந்து வீட்டிலேயே படுத்துவிடுகிறோம்.

சூரைச்செடியின்கீழ் தூங்கிய எலியாவை நினைத்துப்பாருங்கள் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் காட்டினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் தூதன் தடை சொல்லவில்லை.

உங்கள் சபையிலும் இரவில் டாக்சி ஓட்டுகிறவர்கள், பேக்கரியில் நிற்கிறவர்கள், நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள். ஆராதனையில் அவர்கள் தலை சாய்ந்தால், முடிந்தபின் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுபோய்க் கொடுங்கள். கேள்வி பிறகு கேட்கலாம்.