நாட்டுச் சர்க்கரையும் ஜவ்வரிசிக் கஞ்சியும்: கணையம் எதை எண்ணுது?

"வெள்ளைச் சர்க்கரையை விட்டுட்டேன் டாக்டர், இப்போ ஜேடர்பாளையத்து நாட்டுச் சர்க்கரைதான்." பரமத்தி வேலூர் பக்கத்துல இருந்து வர்றவங்க நிறைய பேர் இதைச் சொல்லிட்டு, அடுத்து மெதுவா, "அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்"னும் சொல்றாங்க. அந்த ரெண்டாவது வரிக்காகத்தான் இந்த இழை.

நாட்டுச் சர்க்கரை, அச்சு வெல்லம், மில் சர்க்கரை எல்லாத்துலயும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். குடல்ல அது பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸா பிரியும். வெல்லமா சீனியான்னு கணையத்துக்குத் தெரியவே தெரியாது.

அங்க இருக்கிற பீட்டா செல்லுக்குள்ள குளுக்கோகைனேஸ்னு ஒரு நொதி. உள்ளே வர்ற குளுக்கோஸ் மேல பாஸ்பேட்டை ஒட்டுறதுதான் அதோட வேலை. மத்த செல்கள்ல இதே வேலையைச் செய்யற நொதிகள் கொஞ்சம் குளுக்கோஸைப் பார்த்தாலே முழு வேகத்துல ஓடும். இது அப்படியில்ல. 100 மில்லி ரத்தத்துல சுமார் 140 மி.கி. இருந்தாத்தான் பாதி வேகமே வரும். அதனால சுகர் ஏற ஏற இதோட வேகமும் ஏறும், பின்னாடியே இன்சுலினும் வரும். உடம்புக்குள்ளயே இருக்கிற குளுக்கோமீட்டர்னு வெச்சுக்குங்க.

ஃப்ரக்டோஸை இந்த நொதி கிட்டத்தட்ட கண்டுக்கவே கண்டுக்காது. (மேனோஸைப் பிடிச்சுக்கும், நம்ம சாப்பாட்டுல அது சொற்பம்.) அதனால ஃப்ரக்டோஸ் போட்ட 'டயபடிக் ஸ்வீட்' சாப்பிட்டா மீட்டர்ல அவ்வளவா காட்டாது. ஆனா அது கல்லீரலுக்குப் போய், அதிகமானா கொழுப்பா மாறும். மீட்டர் அமைதியா இருக்குன்னு டப்பாவைக் காலி பண்ணிடாதீங்க.

இப்போ நம்ம சேலம் ஜவ்வரிசி. 2023-ல புவிசார் குறியீடு வாங்கினது, எனக்கும் பெருமைதான். "உப்பு போட்ட கஞ்சிதானே சார், இனிப்பே இல்லையே"ன்னு கேப்பீங்க. மரவள்ளி மாவுச்சத்துன்னா முழுக்க முழுக்க குளுக்கோஸ் சங்கிலி. செரிச்சதும் மொத்தமும் குளுக்கோஸ், பாதி இல்ல. நாக்கு ஏமாறும், அந்த நொதி ஏமாறாது.

இந்த நொதியே பிறவியில கொஞ்சம் மந்தமா இருக்கிறவங்களும் உண்டு. சின்ன வயசுலேர்ந்தே வெறும் வயித்துல 100-லேர்ந்து 145-க்குள்ள நிக்கும். பெரும்பாலும் அவங்களுக்கு மாத்திரை தேவைப்படாது, கர்ப்ப காலம் மட்டும் தனிக்கதை. ஆனா இது அபூர்வம், மரபணு டெஸ்ட்லதான் உறுதியாகும். "எனக்கும் அதுதான்"னு நீங்களே தீர்ப்பு எழுதிக்காதீங்க.

அடுத்த தடவை ஓ.பி.க்கு வரும்போது எந்தச் சர்க்கரைன்னு சொல்லாதீங்க. எத்தனை ஸ்பூன், எத்தனை டம்ளர் கஞ்சின்னு சொல்லுங்க. மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டு வாங்க.