கலயத்துக்குள் ஒரு பூச்சு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என்று தாமிரபரணி பாயும் ஊர்கள் வரிசையாக வரும். வழியெல்லாம் வயலும் வாழையும்தான். குரும்பூரில் தெற்கே திரும்பி உடன்குடியை நெருங்கும்போது மண் சிவந்து மணலாகிறது. வாழை குறைந்து பனை பெருகுகிறது.

நான் போனது ஈஸ்ட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள. ஆப்பிள் சாற்றை வீட்டிலேயே நொதிக்கவைத்து 'சைடர்' செய்யும் வெள்ளைக்காரர்கள் ஓயாமல் விவாதிப்பது, எந்த ஈஸ்ட்டைப் போடுவது என்பதைத்தான். நம்மூரில் அதற்கு உறவான பானம் கள். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை, பதநீருக்கு இல்லை. இரண்டும் ஒரே பாளையில் சொட்டுகிறவை. அவை பிரிகிற இடத்தைப் பார்க்கத்தான் விடியுமுன்னே, பதநீர் காய்ச்சும் குடிசையான ஒரு பனங்காட்டு விடிலிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பனையேறி அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. பேச்சுக் கொடுப்பதற்குள் பாதி மரம் ஏறிவிட்டார். மேலே போய் முதல் நாள் மாலை கட்டிய கலயத்தை அவிழ்த்தார்; பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவினார்; வேறு கலயம் கட்டினார். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சொட்டு நின்றுவிடும். அதனால்தான் சீசன் முழுக்கக் காலையும் மாலையும் ஏற வேண்டியிருக்கிறது.

இறங்கியதும் கலயத்தைச் சாய்த்து உள்ளே காட்டினார். வாயிலிருந்து அடிவரை வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருந்தது. பதநீர் பட்ட இடத்தில் பூச்சு கரைந்து, மண்ணின் சிவப்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"எவ்வளவு பூசணும்னு கணக்கு உண்டா, அண்ணாச்சி?"

"கைக்கணக்குதான் தம்பி. கொறஞ்சா வெயில் ஏறுதுக்குள்ள பொங்கிரும். கூடுனா தொண்டைய அரிக்கும்லா."

அந்தக் கைக்கணக்குக்குள் இருப்பது வேதியியல். பாளையிலிருந்து வரும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் பூச்சிகளின் காலிலும் கலயத்தின் துளைகளிலும் இருக்கும் ஈஸ்ட்டுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. ஆனால் அதற்கு லேசான புளிப்புச் சூழல்தான் ஒத்துவரும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோய்விடுவதால் ஈஸ்ட் பெருக வழியில்லை. பூசாத கலயத்தில் சில மணி நேரத்தில் நுரை கட்டும். பகல் முடிவதற்குள் நாலைந்து சதவீத ஆல்கஹாலுடன் கள்ளாகிவிடும். மறுநாள் வைத்திருந்தால் அசிட்டிக் அமிலப் பாக்டீரியா கைவரிசை காட்டி வினிகரை நோக்கித் தள்ளும்.

சைடர்காரர் வேறு வழியில் போகிறார். ஆப்பிள் சாற்றில் சல்பைட் போட்டுக் காட்டு ஈஸ்ட்டை அடக்குகிறார். ஒரு நாள் கழித்து, தான் தேர்ந்த ஈஸ்ட்டைத் தூவுகிறார். ஷாம்பெயின் வகை சர்க்கரையை மிச்சம் வைக்காது. ஏல் பீர் வகை பழவாசனையைக் கொஞ்சம் விட்டுவைக்கும். குளிர்ந்த அறையில் வாரக்கணக்கில் மெல்ல நொதிப்பதால் இந்தத் தேர்வுக்குப் பலன் உண்டு. நெல்லை வெயிலில் அந்த அவகாசம் ஏது?

அப்படியானால் கள்ளில் தேர்வே இல்லையா? கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார்.

"எங்க அப்பா காலத்துல கள்ளுக் கலயத்தத் தேச்சுக் கழுவ மாட்டாவ. அடியில நிக்க மண்டிதான் அடுத்த கள்ளுக்கு உறை. நல்லா எறங்குன கலயத்த யாருக்கும் குடுக்கவும் மாட்டாவ."

அந்த மண்டி முழுக்க ஈஸ்ட்தான், கூடவே பாக்டீரியாக்களும். நல்ல கள் கொடுத்த கலயத்தைப் பத்திரப்படுத்தியவர், நல்ல ஈஸ்ட்டைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். பாக்கெட்டில் எண் போட்டு விற்கும் வேலையை இங்கே ஒரு மண்பானை செய்திருக்கிறது. ஆப்பமாவுக்கு வீடுகளில் ஒரு கரண்டி கள் ஊற்றியதும் அதே உயிரை நம்பித்தான். இப்போது அங்கே கடை ஈஸ்ட்டோ தேங்காய்த் தண்ணீரோ வந்துவிட்டது.

விடிலிக்குள் அகன்ற சட்டியில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் மனைவி ஓலையைத் தள்ளித் தள்ளி எரித்தார். நுரை விளிம்புக்கு வந்தபோது நசுக்கிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டார், பொங்கியது அடங்கியது. பாகில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டது. இறக்கிக் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றினார்.

"சுண்ணாம்பு சரியில்லாத பதனியக் காச்சுனா கருப்பட்டி எறுகாது. பிசுபிசுன்னு கெடக்கும்" என்றார். காரணம் மறுபடியும் ஈஸ்ட். பதநீரின் சர்க்கரையை அது முதலில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. உடைந்த சர்க்கரை கெட்டிப்படாமல் ஈரத்தை இழுக்கும். 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் பாதி, விடியற்காலைக் கலயத்தில் ஈஸ்ட்டைத் தடுத்த பூச்சுக்குச் சேரும்.

பனையேறியின் கைத்திறனில் ஈஸ்ட்டை நிறுத்தும் பாதி சட்டத்தின் நிழலில் பிழைத்திருக்கிறது. ஈஸ்ட்டை வளர்க்கும் பாதி கிட்டத்தட்ட நாற்பது வருடமாகக் கைமாறவில்லை. கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் கள் கடைக்கு வருகிறது. அங்கே அந்தப் பாதி தொழிலாகவே நிற்கிறது. இங்கே தடை நீங்க வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு வழக்கு. ஒருவேளை நீங்கினால், பனை இருக்கும், பாளை இருக்கும், ஏறத் தெரிந்தவர் சிலரும் இருப்பார்கள். நல்ல கலயம் எது என்று சொல்லத் தெரிந்தவர் இருக்க மாட்டார். நாமும் சைடர்காரரைப் போலப் பாக்கெட்டைப் பிரித்துத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.