மாதிரி நூல் எங்கே?

பழுதுபட்டதைச் செப்பனிடுவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயின், செப்பனிடுகிறோம் என்ற பெயரில் மூலத்தையே மாற்றிவிட்டால், பின்வரும் தலைமுறை எதை மூலமென்று நம்பும்? அண்மையில் நம் இல்லத்தில் எழுந்த சிறு வழக்கொன்று இவ்வினாவை நம்முன் வைத்தது.

நம் தந்தையார் அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயமேற்றும் தொழில் செய்து ஓய்ந்தவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் இயக்கத்தில், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து, 1956 பொங்கலன்று வெளியான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கேவா கலரில் உருவானது. அது சில ஆண்டுகள் கழித்துத் திருச்சுழிச் சாலையோரக் கீற்றுக் கொட்டகைக்கு வந்தபோது, பாட்டனாருக்குத் தெரியாமல், இஷாத் தொழுகை முடிந்த கையோடு ஓடி, மணல்தரையில் அமர்ந்து கண்டிருக்கிறார் தந்தையார். ஆண்டின் பெரும்பகுதி கரிசலையும் கருவேலத்தையுமே கண்டு வளர்ந்த சிறுவனுக்கு அந்த வண்ணங்கள் வேறோர் உலகமாயின. 1977இல் அதே எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரானபோதும், மேடையில் நின்றவரைக் காட்டிலும் திரையில் நின்ற அலிபாபாவையே அவர் அதிகம் பேசினார்.

பிற்காலத்தில் வீடியோ குறுந்தகட்டில் அப்படத்தை வாங்கி வந்தோம். அவ்வகைத் தகட்டின் படம் 352க்கு 288 புள்ளிகளே கொண்டது. முகங்கள் கட்டங்கட்டமாய்ச் சிதைந்தன. யாவும் ரோசா நிறம் பாய்ந்திருந்தன. அண்மையில், துலக்கப்பட்டதெனும் படியொன்று கிடைத்தது. கீறலில்லை, தூசியில்லை. பிள்ளைகள் வியந்தனர். தந்தையார் மட்டும் தலையசைத்தார்.

“இது அந்த நீலமில்லப்பா.”

“அத்தா, கணினியில சரி பண்ணியிருக்காங்க.”

“எதை வச்சுச் சரி பண்ணினான்? மாதிரி நூல் எங்கே?”

அவர் பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முடி நூலை வெயில் படாத பெட்டியில் வைத்திருப்பார். அடுத்த பாவுக்கு அதனோடு ஒப்பிட்டே சாயம் காய்ச்சுவார். நினைவை நம்பிக் காய்ச்சியதில்லை.

அவர் கேள்வி எத்துணைச் சரியானதென்பது பிறகே விளங்கிற்று. கறுப்பு வெள்ளைச் சுருளில் படமாய் நிற்பது வெள்ளி. ஆதலால் அது நெடுநாள் தாங்கும். வண்ணச் சுருளிலோ, கழுவும்போது வெள்ளி நீக்கப்பட்டு மஞ்சள், செந்நீலம், பசுநீலம் என மூன்று சாயங்களே எஞ்சும். அக்காலச் சுருள்கள் பலவற்றில் பசுநீலமே முதலில் வெளுத்தது, எஞ்சியது செம்மை. இதனைச் சீராக்குவோர் வண்ணத்தைத் தம் கணிப்பால் கூட்டுகின்றனர். துகள்களை அழிக்கப் போய் முகத்தை மெழுகாக்கிவிடுகின்றனர். சிலர் அகன்ற திரைக்கெனப் படத்தின் தலையையும் காலையும் வெட்டுகின்றனர்.

இவ்வளவும் அறிந்து, தந்தையாரே சரியென்று தீர்ப்பளித்திருந்தோம். அப்போது மதுரையில் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டவிழ்த்த சில நாளில் அதே படியை மீண்டும் பார்த்தவர், “இப்ப நீலம் கூடிப் போச்சே!” என்று திகைத்தார். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கும். அதை அகற்றினால் உலகமே நீலம் பூத்துத் தோன்றும். “இத்தனை நாள் மஞ்சத் துணி வழியாப் பாத்திருக்கேன். என் சாட்சியும் செல்லாது” என்றார். அந்தச் சொல் நம்மை வருத்தியது. அக்கொட்டகையில் அவரோடு அமர்ந்தவர்களில் இன்று எஞ்சியோர் சிலரே. அவர்களும் மறைந்தபின் யார் சொல்வார்?

2012இல் ‘கர்ணன்’, 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ புதுப்பிக்கப்பட்டு வந்தபோது மக்கள் திரண்டனர். 1993இல் இலண்டன் தீயில் கருகிய ‘பாதேர் பாஞ்சாலி’யின் மூலச்சுருளையும் இத்தாலியின் போலோனா நகரில் பொறுமையோடு மீட்டனர், 2015இல் அப்படம் மீண்டும் திரை கண்டது. எனவே, கைவிடுதல் வழியன்று, நேர்மையே வழி.

நபிமொழி திரட்டிய அறிஞர் பெருமக்கள் நமக்கு ஒரு முறையைக் காட்டிச் சென்றுள்ளனர். யாரிடம் கேட்டது என்பதைத் தொடராய்ச் சொல்வர். இச்சொல்லா அச்சொல்லா என அறிவிப்பாளருக்கு ஐயம் எழுந்தால், அந்த ஐயத்தையும் மறைக்காமல் பதிவர். அழகுக்காக ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழிப்பதில்லை. கேளிக்கைப் பொருளாயினும் பிறர் உழைப்பு நம் கையில் அமானிதமே. எந்தச் சுருளிலிருந்து எடுத்தோம், எதை மாற்றினோம், எதை ஊகித்தோம் என்று உறையில் நான்கு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? மூலச்சுருளைக் குளிர்ந்த இருட்டறையில் காத்தால், நம்மினும் திறமையுள்ளோர் நாளை வந்து செம்மையாய்ச் செய்வரன்றோ?

தந்தையாரின் பட்டறை மூடிப் பல்லாண்டாயிற்று. மாதிரி நூற்பெட்டி மட்டும் பரண்மேல் இருக்கிறது. சென்ற வாரம் இறக்கித் திறந்தோம். நீல முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தவர், உடனே உள்ளே வைத்து மூடச் சொன்னார்.

“ரொம்ப நேரம் வெளிச்சத்துல வைக்காதப்பா.”