எண்ணெய் யாருடையது?

(இளங்கலை ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு)

ஆங்கில மரபுத்தொடர்கள் என்றாலே நம்மில் பலர் பொருளை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். சற்றே உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு தொடருக்குள்ளும் ஒரு மனிதர் உழைத்துக்கொண்டிருப்பது தெரியும்.

அயராது உழைப்பவரை, சாணைக்கல்லில் மூக்கைப் பதித்திருக்கிறார் என்பார்கள் ஆங்கிலேயர். இன்று இது பாராட்டு. ஆனால் பதினாறாம் நூற்றாண்டில், பிறரை அடக்கி ஒடுக்குவதையே இத்தொடர் குறித்தது! மெழுகுவர்த்தியை இரு முனையிலும் எரிப்பது என்ற தொடர் பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் பொருளை வீணாக்குவதைச் சுட்டியது. பின்னரே உடலை வருத்துவதைச் சுட்டலாயிற்று.

மாணவர்களாகிய நமக்கு நெருக்கமானது, நள்ளிரவு எண்ணெயை எரிப்பது என்னும் தொடர். இரவு நெடுநேரம் கண்விழித்துப் படிப்பது என்பது பொருள். 'நள்ளிரவு எண்ணெய்' என்ற சொற்சேர்க்கையை 1635-இல் வெளிவந்த பிரான்சிஸ் குவார்ல்ஸ் என்ற கவிஞரின் நூலிலேயே காணலாம். விளக்கெரித்துப் படிப்பவருக்கு அத்தொடர் புகழ் சேர்க்கிறது. அந்த எண்ணெயை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று அது கேட்பதில்லை.

நம் தமிழிலோ, 'மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தார்' என்கிறோம். அதில் புகழைவிட இரக்கமே மிகுதி. பிறருக்காக உழைத்து உருக்குலைந்தவரைப் பார்த்துப் பெருமூச்சுடன் சொல்லும் சொல் அது.

சேந்தமங்கலம் பகுதியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் தேட அகராதி வேண்டியதில்லை. குச்சிக்கிழங்கு வரத்துள்ள மாதங்களில் ஜவ்வரிசி ஆலைக்கு வந்து பாருங்கள். கிழங்கை அரைத்துப் பாலெடுக்கவும், மாவைத் தொட்டியில் தெளிய வைக்கவும், உருட்டி வறுத்துக் களத்தில் உலர்த்தவும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தோலை உரித்தாக வேண்டும். என் தாயார் செய்வது அந்த வேலைதான். உட்கார்ந்த இடத்தில், கையில் கத்தியுடன், பொழுது சாயும்வரை!

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "பொம்பளப் புள்ள படிச்சது போதும், உன்கூடவே வேலைக்குக் கூட்டிப் போ" என்றார் உறவினர் ஒருவர். அம்மா கத்தியைக் கீழே வைக்காமலே, "எனக்கு இன்னும் கையில தெம்பு இருக்குது. அவ படிக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் நான் இக்கல்லூரிக்கு வந்தேன்.

இன்று எங்கள் வீட்டில் இரு மொழிகளின் மரபுத்தொடர்களும் ஒன்றாக வாழ்கின்றன. இரவு பதினொரு மணிக்கு நான் ஆங்கிலத் தொடரின்படி விளக்கெரிக்கிறேன். பக்கத்தில், விரல்கள் விறைத்த கையைத் தலைக்கு வைத்து, தமிழ்த் தொடர் உறங்குகிறது.

நண்பர்களே, நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் இதே கதைதான். லாரிக்குக் கூண்டு கட்டும் தந்தையோ, கோழிப்பண்ணைக்குச் செல்லும் தாயோ தரும் எண்ணெயில்தான் நம் விளக்கு எரிகிறது. படித்துப் பட்டம் பெறுவோம். அந்தக் கைகளில் தெம்பு தீருமுன் பெறுவோம்!