கையொப்பமிட இயலாத நோயாளி

விலங்கை வாயில்லா உயிர் என்கிறோம். அதற்கு வலி இல்லை என்பதன்று இதன் பொருள். வலியைக் கூறவோ, ‘வேண்டாம்’ என மறுக்கவோ அதற்கு இயலாது என்பதே. வளர்ப்பு விலங்குகளிடம் நடத்தப்பெறும் புற்றுநோய் மருந்துச் சோதனைகளை எண்ணும்போதெல்லாம் இச்சொல் நம்மை உறுத்துகிறது.

ஆய்வுக்கூட எலிக்குப் பெரும்பாலும் புற்றைச் செயற்கையாக உண்டாக்குகின்றனர். நம்மோடு ஒரே வீட்டில் வாழும் நாய்க்கோ அது தானாகவே வருகிறது. நாயின் எலும்புப் புற்று, சிறுவர்க்கு வரும் எலும்புப் புற்றைப் பெரிதும் ஒத்தது. இவ்வொற்றுமையை ஆராயவே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-இல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு முன்பே நாய்களிடம் ஆராயப்பெற்ற மிஃபாமுர்டைடு என்னும் மருந்து, அவற்றின் வாழ்நாளை நீட்டியது. 2009-இல் ஐரோப்பாவில் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் வழங்க அனுமதி பெற்றது.

நம் நாட்டுத் தெருநாய்களிடம் மிகுதியாகக் காணப்படுவது வேறொரு புற்று. இணை சேர்கையில் புற்றணுக்களே ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று வளர்கின்றன. வின்கிறிஸ்டின் மருந்தை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் செலுத்தினால் பெரும்பாலான நாய்கள் குணமடைகின்றன. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் நித்தியகல்யாணிச் செடியே அம்மருந்தின் பிறப்பிடம்.

திருவண்ணாமலையில் எங்கள் தெரு நாயொன்றுக்கு இந்நோய் கண்டது. முதல் ஊசிக்கு அது வாலாட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் வாரம் எங்களைக் கண்டதும் ஓடி ஒளிந்தது. சோறு காட்டித்தான் பிடித்தோம். ஐந்தாம் வாரம் கட்டி மறைந்தது. நாங்கள் செலுத்தியது பயன் தெரிந்த மருந்து. ஆதலால் அதன் அச்சத்தைப் பொறுத்துக்கொள்ள எங்களால் முடிந்தது. பயன் தெரியாத மருந்தாயின், எந்த உரிமையோடு அதைப் பிடித்திருப்போம்?

பயன் முன்பே தெரிந்தால் அது சோதனையே அன்று; உண்மைதான். எனினும் அந்த நாய்க்கே நன்மை விளையும் என்ற நியாயமான நம்பிக்கை வேண்டும். துன்பம் மிகுந்தால் நிறுத்தும் உறுதியும் வேண்டும். பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு உதவும் என்பது மட்டும் போதாது.

கையில் எழுந்த புற்றுக்கட்டியால் 1950-இல் மறைந்த ரமணரின் ஆசிரமத்தில், பசு லட்சுமிக்கும் மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் உள்ளன. இறந்த விலங்குக்கு அத்தனை மதிப்பளித்த ஊர் இது. உயிரோடிருக்கும் விலங்குக்காகக் கையொப்பமிடுமுன், ‘இதனால் இவ்வுயிருக்கு என்ன கிடைக்கும்?’ என்று மருத்துவரிடம் கேட்பதேனும் நம் கடமையன்றோ?