ஸ்டெப்னிக்கு ஒரு திருகாணி

ஸ்டெப்னி என்றால் என்னவென்று அறியாத மோட்டார்காரர் நம் நாட்டில் இரார். ஆனால் அது ஒரு தெருவின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. வேல்ஸ் தேசத்தில் லனெல்லி என்று ஓர் ஊர். அவ்வூர் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-ஆம் ஆண்டில் ஒரு யுக்தி செய்தார்கள். அக்காலத்து மோட்டாருக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. வழியில் காற்றுப் போனால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒட்டுப் போட வேண்டியதுதான். சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதுபட்ட சக்கரத்தின் பக்கத்தில் அதைக் கவ்விகளால் பிணைத்தார்கள். வண்டி ஓடிற்று. அந்தச் சொல்லை ஆங்கிலேயர் ஏறக்குறைய மறந்தே போனார்கள். நாமோ பற்றிக் கொண்டவர்கள் இன்னும் விடவில்லை! சொல்லை விடாத நாம் கவ்வியை மட்டும் விட்டுவிட்டோம் என்பதுதான் விசனம்.

எத்தனை பழைய வண்டிகளின் டிக்கியைத் திறந்து பார்த்தாலும் இதே காட்சிதான். ஸ்டெப்னி ஒரு மூலையில் பள்ளிகொண்டிருக்கும். அல்லது தேங்காய் நார்க் கயிற்றால் கட்டுண்டு கிடக்கும். நமது வண்டி நம் கைக்கு வந்தபோதும் அப்படித்தான் இருந்தது. அது வண்டலூர்த் தொழிற்சாலையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-இல் இங்கே வெளிவரத் தொடங்கிய இந்த வண்டி இங்கிலாந்தில் இரண்டு கதவுடன்தான் இருந்தது. குடும்பத்தோடு ஏறி இறங்கும் நம் மக்களுக்கு அது போதாதென்று, நான்கு கதவுள்ள ஹெரால்டை இந்தியாவிலேயே செய்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் நடந்த இந்தக் காரியத்தைப் பற்றி நாம் கொஞ்சம் கர்வப்பட்டுக் கொண்டால் தவறில்லை.

ஹெரால்டில் ஸ்டெப்னி டிக்கித் தரையில் உள்ள பள்ளத்தில் படுத்திருக்கும். அதன் இடது பக்கத்தில் பெட்ரோல் டாங்கி. இந்த அண்டை வீட்டுச் சம்பந்தத்தை நினைத்துப் பார்த்தால் கயிறு போதுமா என்ற கேள்வி தானே எழும்.

திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், ஆரணி வழியாகக் கவரைப்பேட்டையில் பெருஞ்சாலையைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறோம். பெருஞ்சாலை நல்ல சாலைதான். ஆனால் சிப்காட் தொழிற்பேட்டையை நெருங்கும்போது முன்னே இரும்புக் கம்பி ஏற்றிய லாரி, பின்னே டாங்கர் லாரி, நடுவில் நாம். முன்னவர் திடீரென்று நின்றால் நாமும் நிற்க வேண்டும். ஸ்டெப்னிக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன்மீதாவது மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டதாக வைத்துக் கொள்வோம். அந்தக் கணத்தில் 12 கிலோ எடையுள்ள சக்கரம் ஏறக்குறைய 170 கிலோ பாரம்போல் முன்னால் தள்ளும். முன்னால் இருப்பது பின் ஆசனம். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருவள்ளூரில் எழுந்தருளியிருக்கும் வைத்திய வீரராகவப் பெருமாள் மனிதர்களின் நோயைத் தீர்க்கிறார். மோட்டாரின் நோய்க்கு மெக்கானிக்கைத்தான் நாட வேண்டும். சாலையோரத்தில் ஒருவர் டிக்கியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், "ஒரு வளையம் வெல்டிங் வைத்துக் கட்டிவிடலாம், சார். பத்து நிமிஷ வேலை" என்றார். பெட்ரோல் டாங்கிக்கு ஒரு சாண் தூரத்தில் வெல்டிங்! வந்தனம் சொல்லி டிக்கியை மூடினோம்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறு லேத் பட்டறை. அதன் உரிமையாளர் முதலில் தரையில் இருந்த நட்டின் துருவை எண்ணெய் விட்டுத் துடைத்தார். கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை வைத்துப் பார்த்தார். இரண்டு சுற்று இறங்கி நின்றுவிட்டது. நாமாக இருந்தால் ஸ்பானர் போட்டு அழுத்தியிருப்போம். அவர் உடனே வெளியே எடுத்துவிட்டார்.

"இது இஞ்சு மரை, சார். பலம் கொடுத்தால் நட்டு செத்துவிடும்" என்றார்.

விஷயம் இதுதான். நட்டின் அளவு 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு எட்டு மில்லிமீட்டர்தான். ஆனால் மரையின் நெருக்கம் வேறு. அங்குலத்துக்கு 24 மரை என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.06 மில்லிமீட்டர், இந்நாளைய எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 1.25. இரண்டும் உறவு கொண்டாடும், குடித்தனம் நடத்தாது. பழைய வண்டிகளில் நாசமான மரைகளில் பாதி இந்தப் போலி உறவினால் நாசமானவை என்பது நமது அபிப்பிராயம்.

அவர் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து, விரலாலேயே கடைசிவரை இறங்கும் போல்ட் ஒன்றைத் தேடி எடுத்தார். அதை மாதிரியாக வைத்துப் போதிய நீளத்துக்குப் புதியதொன்று கடைந்தார். தலையில் கையால் திருகுவதற்கு ஒரு குறுக்குக் கம்பி. இந்த வெல்டிங் வண்டிக்கு வெளியே, பட்டறைக்குள் நடந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். ரிமின் நடுத் துவாரத்தை மூடும் அளவுக்கு ஓர் இரும்புத் தட்டு. தட்டுக்கும் ரிமுக்கும் இடையில் பழைய ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர். மேலே ஒரு ஸ்பிரிங் வாஷர். சக்கரத்தைக் கையால் அசைத்தால் அசையக் கூடாது. அதற்குமேல் முறுக்கினால் தரைத் தகடு வளையும் என்று எச்சரித்தார். ஜாக்கியையும் ஸ்பானரையும் சாக்கில் சுற்றி, டாங்கி இல்லாத வலது பக்கத்தில் பட்டையால் இறுக்கினார். சீமையிலிருந்து தருவித்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திராது.

கட்டிவிட்ட ஸ்டெப்னி உபயோகமாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஓடாத டயருக்கும் வயது ஏறும். 2000-ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் போடுகிறார்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது என்று பொருள். நமது ஸ்டெப்னியில் இலக்கம் நான்காக இல்லை. எனவே ஜாதகம் பார்க்காமலே அதற்கு ஓய்வு கொடுத்துப் புது டயர் போட்டோம். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கி, 1961-இல் அவ்வூரிலேயே டயர் செய்யப் புகுந்த எம்.ஆர்.எப். கம்பெனியின் சரக்கு. பலூனிலிருந்து டயருக்கு வந்தவர்கள் காற்றடைக்கும் வித்தை அறிந்தவர்களாகத்தானே இருப்பார்கள்?

ஐம்பது மைல் ஓடியபின் மறுபடி திருகிப் பார்க்கும்படி பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். பார்த்தோம், ரப்பர் அமுங்கியதில் கால் சுற்று இடம் கொடுத்தது. முறுக்கிவிட்டோம். டிக்கியில் இப்போது ஓசையே இல்லை. இத்தனை காலம் அதில் அமுங்கிக் கிடந்த பின்கதவுக் கண்ணாடியின் சத்தம் வெகு தெளிவாகக் கேட்கிறது.