கண்ணுக்குத் தெரியும் கம்பி

அரபு மொழியில் மின்சாரத்துக்குக் 'கஹ்ரபா' என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது. 'காஹ்' என்றால் வைக்கோல். 'ருபா' என்றால் கவர்ந்திழுப்பது. மரப்பிசின் இறுகிக் கல்லாகி மஞ்சள் மணியாய் விளங்கும் அம்பரைத் துணியில் தேய்த்தால் அது துரும்பை இழுக்கும். அம்மணியின் பெயரே பிற்காலத்தில் மின்சாரத்தின் பெயரும் ஆயிற்று. கம்பிக்கு அரபியில் 'ஸில்கு' என்பர். மணி கோக்கும் நூலுக்கும் அதே சொல்தான். தஸ்பீஹ் மணிக்கும் அதைக் கோத்த நூலுக்கும் உரிய சொற்கள் சேர்ந்துதான் இன்று நம் வீட்டு விளக்கை எரிக்கின்றன என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சொல்லைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் பொருளைப் பற்றி எவ்வளவு அலட்சியமாக இருந்திருக்கிறேன் என்பதை என் மகனின் தச்சுப்பட்டறை எனக்கு உணர்த்திற்று.

எங்கள் வீடு உத்தமபாளையத்தில் இருக்கிறது. முல்லைப் பெரியாறு பாயும் ஊர். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியாக இப்பள்ளத்தாக்கில் இறங்குகிறது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து அந்நீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டே எங்கள் வயல்களுக்கு வருகிறது. ஆகவே மின்சாரம் எங்களுக்கு அயலூர்ப் பொருளன்று. ஆயினும் அருகில் இருப்பதை அறிந்திருப்பதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு.

வளைகுடா நாட்டில் தச்சுக்கூடம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு என் மகன் ஊர் திரும்பினான். வீட்டின் பின்புறம் முன்னர் மாட்டுக்கொட்டிலாக இருந்த இடத்துக்குத் தகரக்கூரை போட்டுப் பட்டறையாக்குவது அவன் திட்டம். 2 குதிரைத்திறன் கொண்ட ரம்ப மேசை, இழைப்பு இயந்திரம், துளையிடும் இயந்திரம், மரத்தூளை உறிஞ்சும் இயந்திரம் ஆகியவற்றுக்குச் சேமிப்பின் பெரும்பகுதி செலவாகிவிட்டது. எஞ்சியது மின்கம்பி இழுக்கும் வேலை. அதில்தான் தந்தைக்கும் மகனுக்கும் கருத்து வேற்றுமை எழுந்தது.

"சுவருக்குள்ளே பதிச்சுருவோம் அத்தா. வெளியே குழாயும் கம்பியுமாத் தெரிஞ்சா வர்றவங்க மதிக்க மாட்டாங்க" என்றான் அவன். பட்டணத்துக் கடைபோல் வழவழப்பான சுவர் வேண்டும் என்பது அவன் ஆசை. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாற்பதாண்டுப் பழக்கமுள்ள மின்பணியாளர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறினார், மண்சாந்து உதிர்ந்தது. "வாத்தியாரய்யா, ஆனி ஆடிச் சாரலுக்கு இந்தச் சுவர் ஈரம் இழுக்கும். இதை வெட்டிக் குழாய் புதைச்சா சுவருக்கும் கேடு, குழாய்க்கும் கேடு" என்றார். பிறகு எங்கள் முன்னுள்ள வழிகளை ஒவ்வொன்றாக விளக்கினார்.

ஒன்று, சுவருக்குள் குழாய் பதித்தல். பார்வைக்கு அழகு, குடியிருக்கும் அறைகளுக்கு ஏற்றது. ஆனால் பட்டறையில் இன்று இங்கிருக்கும் ரம்பம் அடுத்த ஆண்டு அங்கே போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுவரை உடைக்க வேண்டும். பலகை மாட்ட ஆணி அடிப்பவன், கம்பி எங்கே ஓடுகிறது என்பதை அறியமாட்டான்.

இரண்டு, மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் பட்டியைச் சுவர்மேல் அறைந்து அதற்குள் கம்பி ஓட்டுதல். செலவு குறைவு, வேலை எளிது. ஆனால் மரத்தூள் அதன் இடுக்குகளில் புகும். ஒரு பலகை மோதினால் மூடி கழன்றுவிடும்.

மூன்று, சுவர்மேல் கெட்டியான குழாய்களைக் கிளிப் வைத்துப் பொருத்துதல். மேலே பிளாஸ்டிக் குழாய் போதும். பலகை மோதக்கூடிய உயரத்தில் மட்டும் இரும்புக்குழாய் வேண்டும். அந்த இரும்புக்குழாயையும் எர்த் கம்பியோடு இணைத்துவிட வேண்டும்.

மூன்றாவதே தக்கது என்று எனக்குத் தோன்றிற்று. அதற்கு என் தொழிலிலிருந்தே ஒரு காரணம் கிடைத்தது. அரபு எழுத்துகளுக்கு ஜபர், ஜேர், பேஷ் ஆகிய குறிகள் இல்லாமலும் கற்றவர் படித்துவிடுவர். ஆனால் ஓதத் தொடங்கும் சிறுவனுக்குக் குறிகள் எல்லாம் வெளிப்படையாக இட்ட பிரதியைத்தான் கொடுக்கிறோம். பட்டறைக்கு நாளை யார் வேலைக்கு வருவார் என்று தெரியாது. புதியவனும் பார்த்த உடனே, இந்தக் குழாய் இங்கிருந்து கிளம்பி அந்த இயந்திரத்துக்குப் போகிறது என்று படித்துக்கொள்ளும்படி அது இருக்க வேண்டும். இதை மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தானே தவிர இணங்கவில்லை.

பேச்சு எர்த் குழிக்கு வந்தபோதுதான் நான் நிலைகுலைந்தேன். சுமார் 8 அடி நீள இரும்புக்குழாயை மண்ணில் இறக்கிச் சுற்றிலும் கரியும் உப்பும் இட்டுப் புதியதொரு குழி அமைக்க வேண்டும் என்றார் பணியாளர். "வீட்டுக் குழி ஒண்ணு இருக்கே, அதுல சேர்த்துக்கலாம், செலவு மிச்சம்" என்றான் மகன். அந்தக் குழியின் கம்பி எப்போதோ துருப்பிடித்து அற்றுப் போயிருந்ததைப் பணியாளர் தோண்டிக் காட்டினார். மேலே பச்சைக் கம்பி ஒழுங்காகத் தெரிந்தது; கீழே ஒன்றுமில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1998-ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்கு மாவரைக்கும் கிரைண்டர் வாங்கினோம். அதன் பிளக்கில் மூன்று முளைகள். எங்கள் அடுக்களைச் சுவரில் இரண்டு துளைகள். முறையான இணைப்புக்கு ஆள் அழைக்கச் சோம்பி, தடித்த மூன்றாவது முளையை நானே நீக்கிவிட்டேன். கிரைண்டர் சுழன்றது, மாவு அரைபட்டது. அந்த முளை எதற்கென்று நான் யோசிக்கவேயில்லை. ஆடிச் சாரல் அடித்த ஒரு காலையில், வீட்டு வேலைக்கு உதவ வந்துகொண்டிருந்த பெண்மணி ஈரத்தரையில் நின்றபடி கிரைண்டரைத் தொட்டார். தூக்கி எறியப்பட்டு மணிக்கட்டு முறிந்தது. சிகிச்சைச் செலவை நான் கொடுத்தேன். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் "ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்றே சொன்னேன். அதன்பின் அவர் வேலைக்கு வரவில்லை.

இறைவனுக்குச் செய்த குறையை இறைவனிடம் மன்றாடலாம்; மனிதருக்குச் செய்த குறையை அம்மனிதரிடமே கேட்டுத் தீர்க்க வேண்டும் என்று எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். என் கணக்கு மட்டும் தீராமல் கிடந்தது.

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் மகனை அருகில் அழைத்து இதைச் சொன்னேன். அந்நாளில் அவன் நான்கு வயதுச் சிறுவன். நெடுநேரம் பேசாதிருந்தவன், "அவங்க இப்ப எங்க இருக்காங்க அத்தா?" என்று மட்டும் கேட்டான்.

அனுமந்தன்பட்டியில் மகள் வீட்டில் இருந்தார். இருவரும் போனோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மையார் என்னைக் கடிந்து பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "நான் ஈரக்கையோட தொட்டதுதான் தப்புன்னு இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேனே ஐயா" என்றார். கையைவிடக் கனமானதொன்றை முறித்துவிட்டோம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிறிது நேரம் கழித்து, "போகட்டும், புள்ள கடையிலயாச்சும் ஒழுங்கா வைங்க" என்றார்.

பட்டறையின் மின்வேலையில் அதன்பிறகு வாதம் எழவில்லை. குழாய்கள் சுவர்மேல் வெளிப்படையாக ஓடுகின்றன. வீட்டு இணைப்புக்கு உரிய சலுகை மின்சாரத்தில் தொழில் நடத்துவது முறையன்று என்பதால், சிறுதொழிலுக்குரிய தனி இணைப்பு கேட்டுப் பெற்றோம். ரம்பத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி. மற்ற இயந்திரங்களுக்கு 2.5, விளக்குகளுக்கு 1.5. ரம்பம் ஓடும்போது இழுப்பது சுமார் 10 ஆம்பியர்தான். கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால் அதற்குத் தனிப் பாதை. விளக்குகளுக்கும் தனிப் பாதை. ரம்பத்தின் கோளாறால் மின்சாரம் துண்டித்தாலும் வெளிச்சம் போகாது. சுழன்று அடங்கிக்கொண்டிருக்கும் பல்சக்கரத்தின் முன் யாரும் இருட்டில் நிற்க நேராது. மின்தடை நீங்கி மின்சாரம் மீளும்போது ரம்பம் தானாகச் சுழலத் தொடங்காதபடி ஸ்டார்ட்டர் ஒன்றும் உண்டு. தொழிலாளி பொத்தானை மீண்டும் அழுத்தினால்தான் அது கிளம்பும்.

மெயின் பலகையில் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக்காப்புச் சாதனம் இருக்கிறது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பை அறுத்துவிடும். பணியாளர் சொன்ன ஒரு செய்தி என் நெஞ்சில் தைத்தது. எர்த் சரியாக இருந்தால் இயந்திரத்தின் உடலில் கசிவு தோன்றிய உடனே அது துண்டித்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாரேனும் ஒருவர் தொட்ட பிறகே துண்டிக்கும். அதாவது, மூன்றாவது கம்பி இல்லாத இடத்தில் சோதனைப் பொருளாக ஒரு மனிதரை நிறுத்துகிறோம்.

புதிய எர்த் குழிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த என் பணம் பயன்பட்டது. பெருநாளுக்கு வந்த உறவினர்கள் சுவரின் அழுக்கைக் கண்டு ஏதேதோ சொன்னார்கள். நான் பதில் சொல்லவில்லை. மகனோ, ஒவ்வொரு குழாயின்மீதும் அது போகுமிடத்தைத் தன் கையால் தமிழில் எழுதி ஒட்டியிருந்தான். நான் கேட்காமலே செய்தது அது.

இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரைண்டர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி என உலோக உடல் கொண்ட சாதனங்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றி, மூன்று முளைகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், அந்த மூன்றாவது முளை உண்மையிலேயே மண்ணைச் சென்று சேர்கிறதா என்று தெரிந்த பணியாளரைக்கொண்டு சோதித்துப் பாருங்கள். நம் வீட்டில் உழைக்க வருபவரின் உயிர், அவர் வாசலைக் கடந்து உள்ளே வந்த கணமே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகிறது.